அடிக்கல்லில் முளைத்தது

வாகைப்பேரியில் மழைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் வந்திருக்கிறது, ஒரு கோடையில் எலுமிச்சம்பழத்துக்குக்கூடப் பஞ்சம் வந்து சர்பத் கடைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் அடிக்கல்லுக்கு மட்டும் அந்த ஊரில் என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. பேருந்து நிலையத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, மேல்நிலைத் தொட்டிக்கு ஒன்று என்று வந்துபோன தலைவர்கள் ஒவ்வொருவரும் நட்டுவைத்த கற்கள் ஊர் முழுக்க நின்றன. கல் நடுவதற்கு ஒரு முறை உண்டு. குழி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நவதானியம் போட்டு, பால் ஊற்றி, அதன்மேல் பெயர் வெட்டிய கல்லை நிறுத்தி, கைதட்டி, போட்டோ எடுத்து, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தானியத்தைப் போட்டுப் பாலை ஊற்றி மண்ணை மூடினால் என்ன ஆகும் என்று, பாதிப்பேர் விவசாயம் பார்க்கிற ஊரில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். அதன்பிறகு நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தினசரிச் சந்தையின் கிழக்கு வாசலில் நின்ற கல் பொதுக் கழிப்பிடத்துக்கானது. அருளானந்தம் என்பவர் நகர்மன்றத் தலைவராக இருந்தபோது நட்டது. நட்ட கையோடு தேர்தல் வந்தது, அருளானந்தம் தோற்றார், அவர் பெயர் வெட்டிய கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைக்க அடுத்து வந்தவர்களுக்கு மனம் வரவில்லை. கல் தனியாக நின்றது. அதன் நிழலில் சுடலைவடிவு கீரை விற்றாள்.

அவள் கருக்கலில் தோட்டத்துக்குப் போய்க் கட்டு வாங்கி, சாக்கை நனைத்து விரித்து, அதன்மேல் அரைக்கீரையையும் தண்டங்கீரையையும் மணத்தக்காளியையும் அடுக்கி, வெயிலில் வாடாமலிருக்க வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பொழுது சாய்கிறவரை தெளித்துக்கொண்டே இருப்பாள், கீரைக்கு ஒரு தெளிப்பு, கையில் மிஞ்சியது கல்லுக்கு ஒரு தெளிப்பு. கல்லுக்கென்று வேண்டித் தெளித்ததில்லை, கை வீசுகிற வீச்சு அப்படி. இப்படி நாளெல்லாம் தண்ணீரில் கையை வைத்திருந்தவள் தன் வாயில் ஒரு மிடறு ஊற்றிக்கொள்ள மாட்டாள். ஊற்றினால் எங்கே போவது? ஆண்களுக்குச் சந்தையின் தெற்குச் சுவர் இருந்தது, அதன்மேல் 'இங்கு அசுத்தம் செய்யாதீர்' என்று நகராட்சியே எழுதி இடத்தை அடையாளம் காட்டியிருந்தது. பெண்களுக்கு இடிந்த அரிசி ஆலைக்குப் பின்னால் கருவைப் புதர் மறைவு இருந்தது, அதுவும் இருட்டின பிறகு. ஆகவே சந்தையில் விற்கிற பெண்கள் எல்லாருமே காலையில் ஒரு வாய்க் காப்பியோடு வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

கட்டிய வாய்க்கு உடம்பு வட்டி கேட்டது. சுடலைவடிவுக்கு நீர்க்கடுப்பு வந்து, கடுப்பு முற்றிக் காய்ச்சலாகி, அரசு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். அங்கே இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரி, கோபக்காரி.

"இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா கிட்னி போயிரும்மா. தண்ணி குடிங்க. நிறையக் குடிங்க."

"குடிக்கேன் டாக்டரம்மா. அத எறக்கி வைக்க ஒரு எடத்தையும் சீட்டுல எழுதிக் குடுத்துருங்க."

அப்படி ஒரு மருந்து ஆஸ்பத்திரியில் இருப்பில் இல்லை. சுடலைவடிவு திரும்பி வந்து மறுபடி கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், எதிரே எலுமிச்சம்பழம் விற்கிற மைமூன் தன் கூடைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஏ வடிவு, ஒன் கல்லு மொளைச்சிருக்கு பாரு."

"என்ன செடி மைமூனு?"

"செங்கல்லு."

குனிந்து பார்த்தால் உண்மைதான். கல்லின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு மாங்கொழுந்து நிறத்தில் ஒரு செங்கல் முனை நீட்டியிருந்தது. தொட்டால் கொஞ்சம் குழைந்தது, வெயில் ஏற ஏற இறுகியது. சுடலைவடிவு அன்று மத்தியானமே கருவை முள் வெட்டிக்கொண்டு வந்து சுற்றிலும் போட்டாள். சந்தையில் ஆடுகள் திரிகின்றன, இளங்கட்டடம் என்றால் கடித்துவிடும்.

வாரம் போகப் போக வரிசைமேல் வரிசையாகச் செங்கல் எழும்பியது. சுண்ணாம்புப் பூச்சு உள்ளிருந்து பால்போல் கசிந்து வெளியே வந்து காய்ந்தது, கூரை வெற்றிலையளவு இலையாக விரிந்து ஓடுகளாகப் பிரிந்தது, கைகழுவும் தொட்டிகள் முதலில் பச்சையாகக் காய்த்துப் பிறகு வெளுத்தன, கடைசியாகக் குழாய்கள் வந்தன. சந்தைப் பெண்கள் அதைச் சுற்றி நடக்கும்போது சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி நடந்தார்களே தவிர, ஒருத்தியும் உள்ளே போகவில்லை. பிஞ்சைப் பறிக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். சித்தாள்களோடு டீ குடிக்க வந்த ஒரு கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்துச் சுவரில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நகராட்சிக் கட்டடம் இம்புட்டு நேரா நிக்காதே" என்று முதன்முதலாகச் சந்தேகப்பட்டார். ஊர் வியந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

செய்தி பரவியதும் அவரவர் வார்டுக் கல்லுக்கு அவரவர் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். பேருந்து நிலையக் கல்லுக்கு ஆட்டோக்காரர்கள் முறை வைத்து ஊற்றியதில் ஒரு சிமெண்டு பெஞ்சு மட்டும் முளைத்தது, அதில் இப்போதும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகக் கல்லிலிருந்து ஒரு ஜன்னல் வந்தது, அதற்குமேல் வரவில்லை, ஊற்றுகிறவர்களுக்கு அலுத்துவிட்டது. மேல்நிலைத் தொட்டிக்கு நட்ட கல் பாறைமேல் நட்டது, அது கடைசிவரை மலடாகவே நின்றது. தலைமைக் குடிநீர்க் குழாயிலிருந்து திருட்டுத்தனமாக ரப்பர் குழாய் இழுத்துக் கல்லை நனைத்தவர்களும் உண்டு. வீட்டு மனையில் நட்டுக்கொள்ளலாம் என்று ராவோடு ராவாகக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு, இடம் மாற்றிய கல்லில் காரை மட்டும்தான் உதிர்ந்தது. ஒப்பந்தக்காரர்கள் ஒன்றுகூடி, முன்அனுமதி இல்லாமல் அடிக்கற்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தடை செய்ய வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவும் கட்டடமும் ஒரே கூட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்தவள் செல்வகனி. அந்தத் தடவை தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அவள் நின்று ஜெயித்தாள் என்று சொல்வது சட்டப்படி சரி. அவளுடைய கணவர் ஜெயச்சந்திரன் நின்று ஜெயித்தார் என்று சொல்வது ஊர்ப்படி சரி. வாகைப்பேரியில் 'சேர்மன்' என்றால் அது ஜெயச்சந்திரன்தான். மன்றக் கூட்டத்தில் செல்வகனி தலைவர் நாற்காலியில் உட்காருவாள், அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்காருவார், பின்னாலிருந்து மெல்லச் சொல்லப்படுவது முன்னால் சத்தமாக வாசிக்கப்படும். பழகிப்போன உறுப்பினர்கள் செல்வகனியின் தோளுக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார்கள்.

கட்டடம் ஆக்கிரமிப்பா இல்லையா என்று முதலில் விவாதித்தார்கள். நகராட்சி நிலத்தில் அனுமதி இல்லாமல் எழும்பியதால் இடித்துவிடலாம் என்றார் ஒருவர். நகராட்சி நட்ட கல்லில் பிறந்ததால் அது நகராட்சியின் பிள்ளைதான் என்றார் இன்னொருவர். வரைபடத்தில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி இரண்டும் உண்டே, முளைத்திருப்பது பெண்கள் பகுதி மட்டும்தானே, ஆண்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று மூன்றாவது ஆள் எழுந்து கேட்டார். உங்களுக்குத் தெற்குச் சுவர் இருக்கிறது, உட்காருங்கள் என்று பதில் வந்தது. நகராட்சிப் பொறியாளர் தனுஷ்கோடி கடைசியாக எழுந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் மதிப்பீட்டில் இல்லாத எதையும் அவர் கண் பார்க்காது.

"கட்டடம் நல்லாருக்கு. அளவும் சரியா இருக்கு. ஆனா கட்டுனது யாரு? காண்ட்ராக்டர் இல்லாம பில்லு இல்ல. பில்லு இல்லாம வேலை முடிஞ்சதா ஆகாது. வேலை முடியாத கட்டடத்தத் தொறக்க வழியில்ல."

"வேல முடிஞ்ச பொறவு டெண்டர் விடுதது நமக்கென்ன புதுசா வே?" என்றார் ஜெயச்சந்திரன். இந்த முறை செல்வகனி வாசிப்பதற்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

அது புதிதில்லைதான். முடிந்த வேலைக்கு டெண்டர் விட்ட அனுபவம் வாகைப்பேரி நகராட்சிக்கு உண்டு, நடக்காத வேலையை முடித்துவைத்த அனுபவம் அதைவிட உண்டு. ஆகவே இந்தக் கட்டடத்தைத் தான் கட்டியதாக ஒப்புக்கொள்ள ஓர் ஒப்பந்தக்காரரைத் தேடுவது என்றும், அதுவரை கதவைப் பூட்டிவைப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. பழுத்துத் தண்ணீர் வரத் தொடங்கிய அன்றே கட்டடத்தில் பூட்டுத் தொங்கியது.

ஊரின் வழக்கமான ஒப்பந்தக்காரர் முத்துக்குட்டி வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், பூட்டைத் திறக்கச் சொல்லிக் குழாயைத் திருகிப் பார்த்தார், பார்க்கப் பார்க்க அவர் முகம் செத்துப்போயிற்று.

"அண்ணாச்சி, கட்டாததக் கட்டுனேன்னு கையெழுத்துப் போட எனக்கு ஒண்ணுமில்ல, போட்டுப் பழகுன கைதான்" என்று ஜெயச்சந்திரனிடம் சொன்னார். "ஆனா இது ரொம்ப நல்லாருக்கே! சொவரு நேரா நிக்கி, கூரை ஒழுகல, கொழாயத் தொறந்தா தண்ணி வருது. இத நான் கட்டுனேன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா நாளைக்கு எல்லா வார்டுலயும் இதே மாதிரி கேப்பானுவளே. எம் பொழப்பு என்ன ஆவும்?"

பல நாள் கெஞ்சிய பிறகு, கல்வெட்டில் தன் பெயரை ஆகச் சின்ன எழுத்தில் போடுவதானால் சம்மதம் என்று ஒப்புக்கொண்டார். வாகைப்பேரியின் சரித்திரத்திலேயே சின்ன எழுத்துக் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். அடுத்தது அமைச்சர் தேதி கொடுக்க வேண்டும். அமைச்சருக்கு நேரமில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் குழாய் சொட்டுகிற சத்தம் இந்தப் பக்கம் கீரை விற்கிறவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருப்பதுகூடப் பெரிதில்லை, குடிக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கொடுமை.

பங்குனி வெயிலில் கடுப்பு மறுபடி வந்தது. இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் யாரோ கையை விட்டு முறுக்குவதுபோல வலித்தது. சுடலைவடிவு கீரையை மைமூன் பொறுப்பில் விட்டுவிட்டு, தெருவைக் கடந்து எதிரிலிருந்த நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். மாடியில் மன்றக் கூடம், கூடத்தைத் தாண்டித்தான் தலைவர் அறைக்குப் போக முடியும். கூடம் காலியாக இருந்தது. தலைவர் அறையில் செல்வகனி தனியாக இருந்தாள், ஆனால் பெரிய நாற்காலியில் இல்லை, பக்கத்தில் பார்வையாளருக்குப் போட்ட நாற்காலியில்.

"அம்மா, கக்கூஸ் சாவியக் குடுங்க. ஒத்தத் தடவ. நான் கழுவி விட்டு, தொடச்சி, திரும்பப் பூட்டித் தந்திருதேன்."

"அவுக வரட்டும்க்கா. கேட்டுச் சொல்லுதேன்."

"நீங்கதானம்மா சேர்மன்?"

செல்வகனி கொஞ்சம் சிரித்தாள். சுடலைவடிவின் கண் அறையைச் சுற்றி வந்து மூலையில் ஒரு கதவில் நின்றது. கதவில் சின்னதாக ஒரு பூட்டு.

"அது என்னது?"

"பாத்ரூம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்." செல்வகனி கைப்பையைத் திறந்து மூடினாள். "இந்த ரூம்ல எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்க்கா. நாக்காலில கூட அவுக இல்லாதப்பத்தான் உக்காரணும், இல்லாதப்பவும் உக்காரத் தோண மாட்டேங்கு. சாவி எங்கிட்டத்தான் இருக்கு." அவள் கை பைக்குள் போயிற்று. "நீங்க வேணும்னா…"

மாடிப்படியில் ஜெயச்சந்திரனின் குரல் கேட்டது. கை வெறுமனே வெளியே வந்தது.

"தொறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாங்க" என்று செல்வகனி அவசரமாகச் சொன்னாள். "பெரிய கல்வெட்டா வைக்காங்க. பழைய கல்ல எடுத்துட்டு. கொஞ்ச நாளுதான்க்கா, பொறுத்துக்கோங்க."

"கல்ல எடுக்காகளா? அதுலதானம்மா வேரு இருக்கு! எடுத்தா செத்துப்போவும். அவுககிட்டச் சொல்லுங்க."

செல்வகனி சொல்லத்தான் சொன்னாள். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துச் சொன்னாள். "கட்டடத்துக்கு அஸ்திவாரந்தான் உண்டு, வேரு கெடையாது" என்றார் ஜெயச்சந்திரன், குழம்பை ஊற்றச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அருளானந்தம் பெயர் இருக்கிற இடத்தில் தன் வீட்டுப் பெயர் வராமல் ஒரு கட்டடத்தைத் திறப்பது என்பது வாகைப்பேரியில் எந்தத் தலைவரும் செய்யாத காரியம். ஆட்சி மாறினால் கல் மாறும். அதற்கு யாரும் உத்தரவுகூடப் போடுவதில்லை.

சந்தைக்கு வாராந்திர விடுமுறையான நாளில் கல்லைப் பெயர்த்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பியபோது கல்லுக்கு அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று வேர்கள் வந்தன, முழங்கை நீளம், ஈரமும் சிமெண்டு வாடையுமாக. வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு பொறியாளரைப் பார்த்தார்கள். தனுஷ்கோடி வேர்களை நன்றாகப் பார்த்தார். மதிப்பீட்டில் வேர் என்று ஓர் இனம் இல்லை. "வெட்டி எடுங்க" என்றார். கல்லைச் சந்தைக் குப்பைமேட்டில் போட்டார்கள். அதே இடத்தில் கதவைவிட உயரமான கருப்புச் சலவைக்கல் ஒன்று ஏறியது. அமைச்சர் பெயர், செல்வகனி பெயர், துணைத் தலைவர் பெயர், உறுப்பினர்கள் எல்லார் பெயரும், அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல முத்துக்குட்டியின் பெயர். சாயங்காலமே சுவர் கொஞ்சம் நிறம் மங்கியது. அதற்கு இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்தார்கள்.

விடுமுறை நாளில் வீட்டிலிருந்த சுடலைவடிவுக்குக் கல்லைப் பெயர்த்துவிட்டது தெரியாது. விழாவில் முதல் ஆளாக உள்ளே போய்வர ஒரு சந்தைப் பெண் வேண்டும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள் என்று முந்தின நாளே வீட்டுக்கு ஆள் அனுப்பி அவளை வரச் சொல்லியிருந்தார்கள். விழாவன்று காலையில் அவள் குளித்து, பெட்டியிலிருந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டி, அடுப்படியில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். பிறகு இன்னொரு செம்பு குடித்தாள். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை குளிர்ந்துபோய் இறங்கியது. எத்தனையோ வருஷமாகக் காலையில் அவள் இப்படிக் குடித்ததில்லை, குடித்துவிட்டு அவளுக்குக் கண் கலங்கியது.

சந்தைக்கு வந்து புதுக் கல்வெட்டைப் பார்த்தாள். பக்கத்தில் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மத்தியானக் கீரை எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். சுவர் அப்படித்தான் இருந்தது. வாளியை எடுத்து வந்து விரல் விரித்துத் தெளித்தாள், பெயிண்டில் பட்டு வழிந்தது. "விழா நேரத்துல நனைக்காதம்மா" என்று யாரோ அதட்டினார்கள்.

காலையில் வருவதாகச் சொன்ன அமைச்சர் உச்சிவெயிலில் வந்தார். வரவேற்புரை நடந்தபோது கூரை விளிம்பு தொங்கியது. பொன்னாடை போர்த்தியபோது ஜன்னல்கள் மூடிக்கொண்டன. துணைத் தலைவர் பேசி முடிப்பதற்குள் கதவு இடுப்பளவுக்குச் சுருங்கியிருந்தது. மேடையிலிருந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள், கூட்டம் மேடையைப் பார்த்தது, கட்டடத்தைச் சுடலைவடிவு ஒருத்திதான் பார்த்துக்கொண்டு நின்றாள், இரண்டு காலையும் சேர்த்து, பல்லைக் கடித்து. அமைச்சர் ரிப்பனை வெட்டினார், கைதட்டினார்கள், அவருக்கு அடுத்த ஊரில் ஒரு கல் நடவேண்டியிருந்தது, கார் கிளம்பியது. கழிப்பிடத் திறப்பு விழாவில் யாரும் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை. பொறியாளர் தனுஷ்கோடி நன்றியுரை வாசித்துக்கொண்டிருக்கும்போது கட்டடம் சத்தமே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் படுத்தது, முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், கல்வெட்டு மட்டும் நிமிர்ந்து நின்றது.

"யம்மா, நீங்க உள்ள போய் வாங்க, ஒரு படம் எடுத்துக்கிடுதோம்" என்றான் கேமராக்காரன், குனிந்து பார்க்காமலே.

சுடலைவடிவு கட்டடத்திலிருந்து கண்ணை எடுத்தாள். திரும்பினாள். பந்தலை விட்டு வெளியே வந்து, தெருவைக் கடந்து, நகராட்சி அலுவலகத்தின் வாசலை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, ஓட முடியாது. ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து நடந்தாள். மைமூன் எலுமிச்சைக் கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வெற்றிலைக்காரி எழுந்தாள், கருவாட்டுக்காரி எழுந்தாள்.

மேடையிலிருந்து செல்வகனி இதைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஜெயச்சந்திரன் மெல்ல ஏதோ சொன்னார். அவள் எழுந்தாள். தேசிய கீதம் இன்னும் பாடவில்லை, தலைவர் எழுந்துவிட்டதால் எல்லாரும் எழுந்து நின்றார்கள், பாட்டுப் போடுகிறவன் அவசரமாகப் பாட்டைப் போட்டான், அத்தனைபேரும் அசையாமல் நிற்க, செல்வகனி மட்டும் படியிறங்கி, கைப்பையைத் திறந்துகொண்டே தெருவைக் கடந்து போனாள். சட்டப்படி அது தப்பு. ஆனால் அவள் முந்திப் போய் மாடியேறிக் கதவைத் திறந்து வைக்காவிட்டால் சுடலைவடிவு அந்த மாடிப்படியிலேயே மானங்கெட்டிருப்பாள்.

"போங்கக்கா" என்றாள் செல்வகனி, விளக்கைப் போட்டு. கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பெண்கள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக மன்றக் கூடம் வரை வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் சுடலைவடிவு குப்பைமேட்டிலிருந்து பழைய கல்லை மைமூனோடு சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்து தன் சாக்குக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கீரைக்கு ஒரு தெளிப்பு, கல்லுக்கு ஒரு தெளிப்பு. பிறகு செம்பைத் தூக்கித் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். கல்லிலிருந்து இன்றைக்கு வரை ஒன்றும் முளைக்கவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்த மன்றக் கூட்டத்தில் முதல் பொருளே அந்தக் கட்டடம்தான். கட்டடம் கட்டப்பட்டு, திறக்கப்பட்டு, நல்ல நிலையில் உள்ளது என்று ஒரு தீர்மானமும், அதன் அவசரப் பழுதுபார்ப்புக்கு முத்துக்குட்டியையே நியமிக்கலாம் என்று இன்னொரு தீர்மானமும் தயாராக இருந்தன. முத்துக்குட்டி இந்தத் தடவை நிம்மதியாக இருந்தார், இல்லாத கட்டடத்தைப் பழுதுபார்ப்பது அவருக்குத் தெரிந்த வேலை. உறுப்பினர்கள் வழக்கம்போல செல்வகனியின் தோளுக்கு மேலே பார்த்தார்கள். தீர்மானத்தின் முதல் வரி பின்னாலிருந்து மெல்லச் சொல்லப்பட்டது.

அப்போது கூடத்தின் வாசல் திறந்து சுடலைவடிவு வந்தாள். கையில் கீரைத்தண்ணீர் இன்னும் காயவில்லை. கூடத்தைத் தாண்டாமல் தலைவர் அறைக்குப் போக முடியாது என்பதால் அவள் இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு நடுவே, யாரையும் பார்க்காமல், உரிமையோடு நடந்து போனாள். செல்வகனியின் மேசைமேல் மைக்குக்குப் பக்கத்தில் சாவி கிடந்தது. எடுத்துக்கொண்டாள். உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜெயச்சந்திரன் முதல் வரியை மறுபடி சொன்னார், கொஞ்சம் சத்தமாக. செல்வகனி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க. அந்தக்கா வந்துரட்டும்."

உறுப்பினர்கள் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்கள். பேனாவைக் கீழே வைத்தார்கள். மின்விசிறி ஓடியது. வாகைப்பேரி நகர்மன்றம் காத்திருந்தது.